எழும்பூரில் இறங்கி சென்ட்ரலுக்கு ஓடிய காலம்: ஒரு மீட்டர் பாதை எப்படி வந்தது, ஏன் போக மறுத்தது

எனக்கு வந்த கேள்வி இதுதான்: "ஒரு நாட்டில் ரயில் பாதை முழுக்க ஒரே அகலத்தில் இருக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பையனுக்கே தெரியும். அவ்வளவு பெரிய எஞ்சினியர்களை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் ஏன் அகலப்பாதை ஒன்று, மீட்டர் பாதை ஒன்று என்று போட்டான்? அதைச் சரிசெய்ய சுதந்திரத்துக்குப் பிறகும் நமக்கு ஏன் இத்தனை வருடம் ஆனது? அறிவு இல்லாமலா, யாராவது காசு பார்த்ததாலா?"

இதே கேள்வியை நான் பத்து வயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். அத்தை பம்பாயில் இருந்தார். கோடை விடுமுறைக்கு அங்கே போவதென்றால் ராத்திரி மீட்டர் கேஜ் வண்டியில் ஏறி விடிகாலையில் எழும்பூரில் இறங்குவோம். டிரங்குப் பெட்டி, படுக்கைச் சுருள், அத்தைக்கு அம்மா கட்டிக்கொடுத்த அரிசி மூட்டை, வடாம் டப்பா. எல்லாவற்றையும் போர்ட்டர் தலையில் ஏற்றி, வெளியே வந்து டாக்ஸி பிடித்து, இரண்டு கிலோமீட்டர் போல இருக்கிற சென்ட்ரலுக்குப் போய், மறுபடி போர்ட்டர், மறுபடி பேரம். "ஏம்ப்பா, நாம வந்த ரயிலே நேரா பம்பாய் போகாதா?" என்று கேட்டதற்கு, "தண்டவாளம் வேற அளவுடா" என்றார் அப்பா. ஏன் வேறு அளவு என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஆரம்பித்ததுதான் இன்றுவரை என்னை விடவில்லை.

அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1,676 மி.மீ., அதாவது 5 அடி 6 அங்குலம். மீட்டர் பாதையில் 1,000 மி.மீ. வித்தியாசம் ஒரு சின்ன மேசையின் அகலம். அந்த மேசை அகலத்துக்காகத்தான் நூறு வருடத்துக்கும் மேலாக மூட்டைகள் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்றப்பட்டன.

முதலில் அறிவு விஷயத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அங்கேதான் பலரும் தவறாக நினைக்கிறார்கள். இரண்டு அகலம் வந்தால் என்ன ஆகும் என்பது இந்தியாவில் முதல் தண்டவாளம் விழுவதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1840களில் இங்கிலாந்திலேயே இந்தச் சண்டை உச்சத்தில் இருந்தது. ஸ்டீபன்சன் வழி வந்த கம்பெனிகள் 4 அடி 8½ அங்குலத்தில் பாதை போட்டன. கிரேட் வெஸ்டர்ன் கம்பெனிக்கு புரூனெல் என்ற எஞ்சினியர் 7 அடியில் போட்டார். இரண்டும் குளோஸ்டர் என்ற ஊரில் வந்து முட்டிக்கொண்டன. அங்கே சரக்கை இறக்கி ஏற்றுவதில் நடந்த கூச்சலும் குழப்பமும் நாடு முழுக்கப் பேச்சானது. 1845இல் விசாரணைக் குழு போட்டார்கள், 1846இல் சட்டம் போட்டார்கள். அப்படியும் புரூனெலின் அகலம் முழுக்க மறைந்தது 1892இல்தான்.

அந்தச் சண்டை நடந்தபோது லண்டனில் ரயில்வே விவகாரங்களைக் கவனித்த வர்த்தக வாரியத்தில் பொறுப்பில் இருந்தவர் டல்ஹவுசி. அவர்தான் 1848இல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் முதலில் இங்கிலாந்து அளவையே இங்கேயும் போடலாம் என்று இருந்தார்கள். ஆலோசனை எஞ்சினியர் சிம்ஸ் 5 அடி 6 அங்குலம் வேண்டும் என்றார். புயல் காற்றில் வண்டி கவிழாமல் இருக்க அகலம் கூடுதலாக இருப்பது நல்லது என்பது அவர் எண்ணம். டல்ஹவுசி 6 அடி கேட்டார். கடைசியில் சிம்ஸ் சொன்ன 5 அடி 6 அங்குலத்தில் வந்து நின்றது. டல்ஹவுசிக்கு அகலம் எவ்வளவு என்பதைவிட முக்கியமாக இருந்தது வேறொன்று. எந்த அளவாக இருந்தாலும் இந்தியா முழுக்க ஒன்றுதான் இருக்க வேண்டும், இங்கிலாந்து பட்ட பாட்டை இங்கே படக்கூடாது என்று அவர் குறிப்பில் எழுதியே வைத்தார். 1853 ஏப்ரல் 16இல் பம்பாயிலிருந்து தாணேக்கும், 1856 ஜூலை 1இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கும் வண்டி ஓடியது அந்த ஒரே அகலத்தில்தான்.

சரி, எச்சரிக்கை கோப்பிலேயே இருந்தது. இருபது வருடம்கூட ஆகவில்லை, அதே அரசாங்கம் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மீட்டர் பாதைக்குப் போனது. எப்படி?

இதற்கு விடை தண்டவாளத்தில் கிடைக்காது, வட்டியில் கிடைக்கும். ஆரம்ப காலத்து ரயில் பாதைகளைப் போட்டவை லண்டனில் பங்கு திரட்டிய தனியார் கம்பெனிகள். தெரியாத நாட்டில், தெரியாத மண்ணில் போய்ப் பணம் போட அங்கே யாரும் தயாராக இல்லை. அதனால் கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் உறுதி கொடுத்தது: போட்ட முதலுக்கு வருடம் 5 சதவீதம் நிச்சயம். ரயில் சம்பாதித்தாலும் சரி, சம்பாதிக்காவிட்டாலும் சரி. குறைகிற தொகை இந்திய வரிப்பணத்திலிருந்து போகும். நிலமும் இலவசம்.

பணம் வந்து கொட்டியது உண்மை. ரயிலும் வந்தது. ஆனால் சிக்கனமாகக் கட்ட வேண்டும் என்ற அக்கறை யாருக்கும் இல்லாமல் போனது. ஒரு மைலுக்கு எவ்வளவு செலவானாலும் பங்குதாரருக்கு அவருடைய 5 சதவீதம் வந்துவிடும். இந்திய அரசில் நிதி உறுப்பினராக இருந்த வில்லியம் மாசி, பின்னால் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் இதை வெளிப்படையாகவே சொன்னார். 5 சதவீதம் உறுதியாக இருக்கும்வரை, தன் பணம் செங்கல்லும் சுண்ணாம்புமாக மாறுகிறதா, ஹூக்ளி ஆற்றில் கொட்டப்படுகிறதா என்பதெல்லாம் முதல் போட்டவருக்கு ஒன்றுதான் என்பது அவர் பேச்சின் சாரம். 1857 கலகத்தால் ஏற்கெனவே கடனில் இருந்த கஜானா, இந்த வட்டிக்கு வருடா வருடம் கையிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தது.

1869இல் வைஸ்ராயாக வந்த மேயோவின் மேசையில் இருந்தது இந்தக் கணக்குத்தான். புதிய பாதைகளை அரசே போடுவது என்று முடிவாகியிருந்தது. கையில் இருக்கும் காசு கொஞ்சம், போட வேண்டிய தூரம் அதிகம். மலிவான ரயிலா, ரயிலே இல்லையா என்றுதான் அவருக்கு அந்தக் கேள்வி தெரிந்தது. அகலத்தைக் குறைத்தால் தண்டவாளம் லேசாக இருக்கலாம், வளைவு இறுக்கமாக இருக்கலாம், எஞ்சின் சின்னதாக இருக்கலாம். நிபுணர் குழு ஒன்றைக் கேட்டார்கள். பெரும்பான்மையினர் 2 அடி 9 அங்குலம் என்றார்கள், ஃபவுலர் என்ற எஞ்சினியர் 3 அடி 6 அங்குலம் என்றார். மேயோ நடுவில் 3 அடி 3 அங்குலத்துக்கு வந்தார். அந்தச் சமயத்தில் இந்தியாவுக்கு மெட்ரிக் அளவு முறையைக் கொண்டுவர அவருடைய அரசு சட்டம் கொண்டுவந்துகொண்டிருந்தது. அதனால் அந்த 3 அடி 3 அங்குலத்தை இழுத்து ஒரு மீட்டர் ஆக்கினார்கள். அந்த மெட்ரிக் சட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. நமக்கு மெட்ரிக் முறை வந்தது 1956 சட்டத்துக்குப் பிறகுதான். ஆனால் அந்தச் சட்டத்தை எதிர்பார்த்து வைத்த ஒரு மீட்டர் மட்டும் மண்ணில் நிலைத்துவிட்டது.

இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் மேயோவின் கணக்கு சரியா என்பது நியாயமான கேள்வி. ரயில் பாதை போடுகிற செலவில் மண்மேடு, பாலம், தண்டவாளத்தின் எடை, ஸ்டேஷன் கட்டடம், வண்டிகள் எல்லாம் சேரும். இவற்றில் அகலத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் அகலப்பாதையையே லேசான தண்டவாளத்தில், எளிமையான ஸ்டேஷன்களோடு போட்டாலும் நிறைய மிச்சம் ஆகும். அன்றைக்கே எஞ்சினியர்கள் பலர் இதைச் சொல்லி வாதாடினார்கள். நான் அவர்கள் பக்கம். அப்படியானால் அரசு ஏன் கேட்கவில்லை? என் கணிப்பு இது: லேசான அகலப்பாதை லேசாகவே இருக்கும் என்று நிதித்துறைக்கு நம்பிக்கை இல்லை. இன்று லேசாகப் போடுங்கள் என்பார்கள், நாளை பெரிய எஞ்சின் கேட்பார்கள், அதற்குக் கனமான தண்டவாளம் கேட்பார்கள், பாலத்தைப் பலப்படுத்தச் சொல்வார்கள். இருபது வருடமாகச் செலவு கைமீறிப் போனதைப் பார்த்தவர்களுக்கு, கையை மீற முடியாத ஒரு கட்டு தேவைப்பட்டது. ஒரு மீட்டர் அகலம் அந்தக் கட்டு. அதன்மேல் பெரிய எஞ்சினை ஏற்றவே முடியாது என்பதுதான் அவர்களுக்கு அதில் கிடைத்த நிம்மதி.

அரசு முடிவுகள் பலவற்றைப் படித்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான். ஒரு முடிவு எதிர்காலத்தைப் பார்த்து எடுக்கப்படுவதாக வெளியே தெரிந்தாலும், பெரும்பாலும் அது முந்தைய முடிவு ஏற்படுத்திய காயத்துக்குப் போடுகிற கட்டு. டல்ஹவுசிக்கு இங்கிலாந்தில் பட்ட அடி நினைவில் இருந்தது, அதனால் ஒரே அகலம் என்றார். மேயோவுக்கு 5 சதவீதம் கொடுத்த அடி நினைவில் இருந்தது, அதனால் மலிவு என்றார். மேயோ காலத்து அதிகாரிகள் டல்ஹவுசியின் குறிப்பைப் படிக்காதவர்கள் இல்லை. அவர்களுக்கு வலித்த இடம் வேறு.

இன்னொன்றும் இருக்கிறது. பாதை போடுகிற செலவு அரசின் கணக்குப் புத்தகத்தில் வரும். வண்டி மாற்றுகிற செலவு அதில் வராது. அது வியாபாரியின் கணக்கில் வரும், கூலியாளின் முதுகில் வரும், உடைந்த ஓட்டிலும் சிந்திய நெல்லிலும் வரும். மேயோவின் மேசையில் இருந்த காகிதத்தில் முதல் செலவு மட்டும்தான் தெளிவான எண்ணாக இருந்தது. தஞ்சாவூர் நெல் வியாபாரியோ, மதுரைத் துணி வியாபாரியோ, ஏன், இந்தியர் ஒருவராவதோ அந்த முடிவை எடுத்தவர்களில் இல்லை.

யாருக்குக் குரல் இருந்தது என்பதற்கு அப்போதே ஒரு சாட்சி கிடைத்தது. வடமேற்கில், பஞ்சாபிலும் சிந்து ஆற்றின் ஓரமாகவும் போடவிருந்த பாதைகளும் முதலில் மீட்டர் அளவில்தான் திட்டமிடப்பட்டன. ராணுவம் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லையில் சண்டை வந்தால் பீரங்கியையும் குதிரையையும் நடுவழியில் இறக்கி ஏற்றிக்கொண்டிருக்க முடியாது என்றது. 1870களின் நடுவில் அந்தப் பாதைகள் அகலப்பாதையாக மாற்றி முடிவு செய்யப்பட்டன. வண்டி மாற்றும் சிரமத்தை அரசு உணராமல் இருந்தது என்று இதற்கு மேல் யாரும் சொல்ல முடியாது. பட்டாளம் மாறி ஏறினால் அது பிரச்சினை, நெல் மூட்டை மாறி ஏறினால் அது வழக்கம். அவ்வளவுதான்.

தெற்கே நடந்ததுதான் எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி. பலருக்கு இது தெரியாது: நம் காவிரிப் படுகையில் முதலில் வந்தது அகலப்பாதைதான். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனி 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும், 1862இல் திருச்சிக்கும் 5 அடி 6 அங்குலத்தில் பாதை போட்டது. 1860களின் முடிவில் அது கரூர் வழியாக ஈரோடு போய், சென்னையிலிருந்து மேற்கே போகும் மெட்ராஸ் ரயில்வேயின் பாதையோடு சேர்ந்தது. நாகப்பட்டினத்தில் ஏற்றிய சரக்கு இறங்காமல் சென்னைக்கும் மேற்குக் கரைக்கும் போக முடிந்த காலம் அது.

இன்னொரு பக்கம், 1865இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 3 அடி 6 அங்குலத்தில் ஒரு லேசான பாதை வந்திருந்தது. அதை நடத்திய கம்பெனி பிறகு கர்நாடிக் ரயில்வே ஆனது. இந்த இரண்டு கம்பெனிகளும் 1870களில் சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆயின. மதுரை, தூத்துக்குடி, சென்னை என்று புதிதாகப் போட வேண்டிய பாதைகளெல்லாம் அரசின் புதிய கொள்கைப்படி மீட்டர் பாதைகள். கம்பெனிக்குள்ளேயே இரண்டு மூன்று அகலம் இருந்தால் எஞ்சினும் பட்டறையும் தனித்தனியாக வைக்க வேண்டும். அதனால் கம்பெனி, தன் பாதைகள் முழுக்க ஒரே அகலத்தில் இருக்கட்டும் என்று முடிவு செய்து, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அகலப்பாதையைப் பெயர்த்து மீட்டர் பாதையாக்கியது.

கம்பெனியின் உள்ளே உட்கார்ந்து பார்த்தால் இது சரியான முடிவு. ஒரே அகலம் என்ற டல்ஹவுசியின் தத்துவத்தையே அவர்கள் கடைப்பிடித்தார்கள், தங்கள் வேலிக்குள். வேலிக்கு வெளியே ஈரோட்டில் இணைப்பு அறுந்தது. ஈரோடு–திருச்சிப் பகுதியைப் பிற்காலத்தில் மறுபடி அகலப்பாதையாக்க வேண்டியிருந்தது. ஒரே பாதைக்கு மூன்று முறை செலவு.

இப்படித்தான் சென்னை இரண்டாகப் பிரிந்தது. மேற்கேயும் வடக்கேயும் போகும் அகலப்பாதைக்கு சென்ட்ரல். தெற்கே போகும் மீட்டர் பாதைக்கு எழும்பூர். இன்று நாம் பார்க்கும் எழும்பூர்க் கட்டடம் 1908இல் திறந்தது. அழகான கட்டடம். ஆனால் அங்கே வந்து இறங்கிய ஒவ்வொரு தென்மாவட்டத்துக்காரரும் வடக்கே போக வேண்டுமானால் மூட்டை முடிச்சோடு ரோட்டுக்கு வந்தாக வேண்டும். 1914இல் பாம்பன் பாலம் வந்து, எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு மீட்டர் பாதையில் போட் மெயில் ஓடியது. தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கினால் அங்கே ரயில் நின்றுகொண்டிருக்கும். இலங்கையில் 1860களிலிருந்தே பாதை 5 அடி 6 அங்குலம்! இந்தியாவின் அகலப்பாதை அளவு இலங்கையில் இருந்தது, அதற்கு மிக அருகில் இருந்த இந்தியக் கரையில் இல்லை.

"அப்போதே திருத்தியிருக்கலாமே" என்று தோன்றும். ஒரு பாதை மண்ணில் விழுந்த பிறகு என்ன ஆகிறது என்று பார்த்தால் அது ஏன் நடக்கவில்லை என்பது புரியும். பாதையைச் சுற்றி எல்லாம் வளரும். எஞ்சின் பட்டறை, உதிரிப்பாகம் செய்கிறவர், அந்த வண்டியை மட்டுமே ஓட்டத் தெரிந்த டிரைவர், அந்த உயரத்துக்குக் கட்டிய பிளாட்பாரம், அந்த அகலத்துக்குக் கட்டிய பாலம். டிரான்ஷிப்மென்ட் ஷெட்டில் மூட்டை மாற்றிப் பிழைக்கிற நூற்றுக்கணக்கான குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் தன் அளவில் காரணம் உண்டு.

அதைவிட முக்கியம், மீட்டர் பாதையை நன்றாக ஓட்டியதே அதை நகர்த்த முடியாமல் செய்தது. 1931இல் சென்னை பீச்–தாம்பரம் மின்சார ரயில் வந்தது, மீட்டர் பாதையில். 1960களில் அதை 25,000 வோல்ட் மின்சாரத்துக்கு மாற்றினார்கள், விழுப்புரம் வரை கம்பி இழுத்தார்கள், ஜப்பானிலிருந்து மீட்டர் பாதைக்கென்றே மின்சார எஞ்சின்கள் வந்தன. 1977இல் வைகை எக்ஸ்பிரஸ் வந்தபோது, காலையில் மதுரையில் ஏறினால் மதியத்துக்குப் பிறகு சென்னை என்பது எங்களுக்கெல்லாம் அதிசயமாக இருந்தது. அந்த எஞ்சினியர்கள் செய்தது அபாரமான வேலை. குறுகிய பாதையிலிருந்து கடைசிச் சொட்டு வேகம் வரை பிழிந்தார்கள். ஆனால் ஒவ்வொரு முன்னேற்றத்தோடும் "இவ்வளவு செலவு செய்த பிறகு இதைப் பெயர்ப்பதா?" என்ற கேள்வியும் கனமானது. பீச்–தாம்பரம் மார்க்கத்தில் மீட்டர் வண்டி நின்றது 2004இல்.

இந்த விலை எவ்வளவு என்பதை உலகமே ஒரு முறை பார்த்தது, இரண்டாம் உலகப் போரில். ஜப்பான் பர்மாவைப் பிடித்த பிறகு, அஸ்ஸாம் எல்லைக்குப் போக வேண்டிய சரக்கு எல்லாம் கல்கத்தாவிலிருந்து அகலப்பாதையில் போய், பார்பதிபூர் போன்ற இடங்களில் இறக்கி மீட்டர் பாதையில் ஏற்றப்பட்டு, பிரம்மபுத்திராவைப் படகில் கடந்து, மறுபடி மீட்டர் பாதையில் போக வேண்டியிருந்தது. வடமேற்குக்கு அகலப்பாதை கேட்டு வாங்கிய ராணுவம், கிழக்கிலிருந்து எதிரி வருவான் என்று எதிர்பார்க்கவில்லை. 1944இல் அமெரிக்க ரயில்வே படையினர் அந்த மார்க்கத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டினார்கள். ஒரு தேயிலைத் தோட்டத்து ரயிலுக்கு எழுபது வருடம் முன்பு சரியாகத் தெரிந்த அகலம், ஒரு போரின் தொண்டைக்குழியாக ஆனது.

சுதந்திரத்துக்குப் பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றினார்கள். முழு நாட்டையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவரும் திட்டம் 1992இல், ஜாஃபர் ஷெரீப் ரயில்வே அமைச்சராக இருந்தபோது ஆரம்பித்தது. அப்போது சுமார் 23,000 கிலோமீட்டர் மீட்டர் பாதை இருந்தது. ஏன் 1992 வரை ஆனது என்றால், மாற்றுகிற செலவு ஒரே வருடத்தில் தெரியும், மாற்றாமல் இருக்கிற செலவு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணுக்குத் தெரியாமல் போகும். பட்ஜெட் எழுதுகிறவருக்கு முதலாவதுதான் உறுத்தும். மேயோவின் மேசையில் இருந்த அதே கோளாறு.

அந்தத் திட்டத்துக்கு எதிர்ப்பும் இருந்தது, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. வண்டி நிரம்பி வழிகிற முக்கியப் பாதைகளை இரட்டைப் பாதையாக்கப் பணம் இல்லாதபோது, நாளுக்கு இரண்டு வண்டி ஓடுகிற கிளைப் பாதையை ஏன் பெயர்க்க வேண்டும் என்று கேட்டார்கள். பொருளாதாரக் கணக்கில் அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் எங்கள் பக்கத்து மக்களுக்கு 1990களின் இறுதியில் சென்னை–திருச்சி–திண்டுக்கல் பாதை அகலமானபோது கிடைத்தது எந்தக் கணக்கிலும் முழுதாக வராது. முதல் முறையாக எங்கள் வண்டி இந்தியாவின் வண்டியானது.

விலை கொடுத்தவர்களும் உண்டு. மதுரை–போடி பாதையை மாற்றுவதற்காக 2010 கடைசியில் மூடினார்கள். தேனி வரை வண்டி திரும்ப வந்தது 2022இல், போடிக்கு 2023இல். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ரயிலைப் பார்க்காமலே பள்ளிப் படிப்பை முடித்துவிட்டார்கள். மெதுவாகவாவது ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்திவிட்டு, நல்ல வண்டிக்காகக் காத்திருக்கச் சொல்வது ஏழைப் பயணியிடம் கேட்கிற பெரிய கடன். கிளைப் பாதை என்பதால் ஒவ்வொரு வருடமும் பணம் கடைசியாக அங்கே வந்தது. திட்டம் சரி, வரிசை தவறு என்பது என் தீர்மானமான கருத்து: பணத்தை நூறு இடத்தில் தெளிக்காமல், ஒரு பாதையை எடுத்தால் முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டிருக்க வேண்டும். அப்படிச் செய்ய முடியாததற்கும் காரணம் தெரியும். நூறு தொகுதியிலும் அடிக்கல் நட வேண்டியிருந்தது.

இதெல்லாம் பழைய கதை, இப்போது நாம் பாடம் படித்துவிட்டோம் என்று நினைக்கிறீர்களா? டெல்லி மெட்ரோவைப் பாருங்கள். கட்டுகிறவர்கள் உலகம் முழுக்க மெட்ரோ ரயில்களில் புழங்கும் 1,435 மி.மீ. அகலத்தைக் கேட்டார்கள். அதில் வண்டி வாங்குவது சுலபம், நகரத்து வளைவுகளுக்கும் ஏற்றது. ரயில்வே அமைச்சகம் அகலப்பாதைதான் வேண்டும் என்றது. அப்போதுதான் நாடு முழுக்க ஒரே அகலம் என்று பாடுபட்டுக்கொண்டிருந்த துறை அது. இன்னொரு புதிய அகலத்துக்கு அது எப்படிச் சம்மதிக்கும்? 2000இல் மத்திய அமைச்சர் குழு அகலப்பாதை என்று முடிவு செய்தது. 2002இல் முதல் மார்க்கம் அந்த அகலத்தில் திறந்தது. ஆனால் பிளாட்பாரம், சிக்னல், பெட்டியின் அளவு எல்லாம் வேறு. அகலம் ஒன்றாக இருந்தும் டெல்லி மெட்ரோ வண்டி எதுவும் ரயில்வே பாதையில் பயணிகளை ஏற்றி ஓடவில்லை. பிறகு வந்த மார்க்கங்களில் 1,435க்கு மாறினார்கள். இப்போது டெல்லி மெட்ரோவுக்குள்ளேயே இரண்டு அகலம். மேயோவின் காயத்துக்குப் போட்ட கட்டை, காயமே இல்லாத இடத்திலும் போட்டுப் பார்த்ததாகத்தான் இதைப் படிக்கிறேன்.

சென்னையில் 2015இல் திறந்த மெட்ரோ ஆரம்பத்திலிருந்தே 1,435. தனியாக எடுத்துப் பார்த்தால் நல்ல முடிவு. 1995இல் ஓட ஆரம்பித்த பறக்கும் ரயிலோ அகலப்பாதை, ஏனென்றால் அதைக் கட்டியது ரயில்வே. இப்போது இரண்டையும் ஒரே நிர்வாகத்தின்கீழ் கொண்டுவருவது பற்றிப் பேசுகிறோம். டிக்கெட்டை ஒன்றாக்கலாம், பெயர்ப்பலகையை ஒன்றாக்கலாம். ஒன்றின் வண்டியை மற்றதன் தண்டவாளத்தில் ஏற்ற முடியாது.

அதனால், "அறிவு இல்லாமலா, காசு பார்த்ததாலா" என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்குப் பதிலாக வேறு மூன்று விஷயங்களைத் தேடச் சொல்வேன். முடிவு எடுத்தவருக்கு அதற்கு முன் எங்கே அடிபட்டிருந்தது? அவருடைய காகிதத்தில் எந்தச் செலவு எண்ணாக இருந்தது, எது எண்ணாகவே வரவில்லை? எண்ணாக வராத செலவைச் சுமந்தவர் அந்த அறைக்குள் இருந்தாரா? மீட்டர் பாதைக்கு இதைக் கேட்டால் மேயோவும் கிடைப்பார், மாசியும் கிடைப்பார், ஈரோட்டில் மூட்டை மாற்றியவரும் கிடைப்பார்.

போன மாதம் பரங்கிமலை ஸ்டேஷனில் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். தாம்பரம் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வந்து இறங்கி மெட்ரோவுக்கு மாறுகிறார்கள். பாட்டி, கையில் ஒரு கட்டைப்பை, கூட ஒரு சின்னப் பையன். படி ஏறி, பாலத்தில் நடந்து, மறுபடி டிக்கெட் எடுத்து, மறுபடி படி. பாட்டி நடுவில் நின்று மூச்சு வாங்கினார். பையன் கீழே மின்சார ரயிலையும் மேலே மெட்ரோவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாட்டி, நாம வந்த ரயிலே அங்க போகாதா?" என்று கேட்டான். பாட்டி, "அது வேற ரயில்டா" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மிச்சப் படிகளை ஏறினார்.